காணாமற்போன மூதாதையர் கல்லறைக் கல்: தேடுவது எப்படி, கிடைத்தால் என்ன செய்வது?

வேர்தேடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் அடக்கம் செய்யப்பட்ட இடுகாடு எது என்பது பழைய அடக்கப் பதிவேட்டின் ஒரு வரியால் அண்மையில்தான் உறுதியாயிற்று. பெயர், இறந்த நாள், அகவை, பிரிவு, வரிசை எண் ஆகிய ஐந்தும் அந்த வரியில் இருக்கின்றன. ஆனால் அந்த எண்ணுக்குரியதாகக் காவலர் காட்டிய இடத்தில் கல் எதுவும் இல்லை. புல்லும் முட்செடியுமே உள்ளன. அதே வளாகத்தின் சுற்றுச்சுவரை ஒட்டிப் பல கற்கள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் பல எழுத்தழிந்தவை, சில உடைந்தவை.

கல் மண்ணுக்குள் இருக்கிறதா, வெளியே போய்விட்டதா, முதலிலிருந்தே நடப்படவில்லையா என்பதை எப்படிப் பிரித்தறிவது? ஒருவேளை கிடைத்துவிட்டால் அதை மெருகேற்றி எழுத்துகளை மறுபடி வெட்டிவிட வேண்டும் என்று உறவினர் சிலரும், பழையதை எடுத்துவிட்டுப் பளபளப்பான புதிய கருங்கல்லை நட்டுவிடலாம் என்று வேறு சிலரும் இப்போதே பேசத் தொடங்கிவிட்டார்கள். இத்துறையில் பட்டறிவு உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஏட்டறை எழுதியது:

மண்ணைத் தொடுவதற்கு முன் ஏட்டுக்கு மீண்டும் ஒருமுறை திரும்புங்கள். காவலர் காட்டிய இடம்தான் பதிவேடு சொல்லும் இடம் என்று எடுத்துக்கொள்ள வேண்டா. பெரும்பாலான பழைய இடுகாடுகளில் பிரிவுகளின் எல்லை ஒருமுறையேனும் மாற்றப்பட்டிருக்கும். வரிசைகளை எந்த மூலையிலிருந்து எண்ணினார்கள் என்பதும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கும். ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல், உங்கள் மூதாதையரின் வரிக்கு முன்னும் பின்னும் அதே பிரிவில் பதிவான பெயர்களை எழுதிக்கொண்டு, அவற்றுள் எவருடைய கற்கள் இன்றும் நிற்கின்றன என்று களத்தில் பாருங்கள். நிற்கும் இரண்டு கற்களுக்கு நடுவே உங்கள் எண் விழுந்தால், தேட வேண்டிய நிலம் ஒரு சில அடிகளாகச் சுருங்கிவிடும். அடக்கம் நடந்த நாள் வரிசையும் எண் வரிசையும் ஒத்துப்போகவில்லையென்றால், அது முன்கூட்டியே வாங்கிவைத்த குடும்ப மனையாக இருக்கலாம். அப்போது உறவினர் பெயர்களைக் கொண்டு தேட வேண்டும்.

அடக்கப் பதிவேடு வேறு, மனை விற்பனைப் பதிவேடு வேறு, நினைவுக்கல் நட அனுமதி அளித்த பதிவேடு வேறு. பலரும் முதலாவதைக் கண்டவுடன் நின்றுவிடுகிறார்கள். உங்கள் ஐயத்துக்கு விடை மூன்றாவதில்தான் இருக்கும். கல் நட அனுமதி பெற்றதற்கோ கட்டணம் செலுத்தியதற்கோ குறிப்பு இருந்தால், கல் ஒரு காலத்தில் இருந்தது உறுதி. அத்தகைய குறிப்பு இல்லையென்றால் அது கல் இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஆனாலும் ஐயம் வலுப்பெறும். கல் நட வசதியில்லாத குடும்பங்கள் மரப்பலகையோ மரச்சிலுவையோ நட்டதும், அது ஒரு தலைமுறைக்குள் மக்கிப்போனதும் உலகெங்கும் நடந்தவை.

கடந்த நூற்றாண்டில் வரலாற்று ஆர்வலர்களும் வழிபாட்டுத்தலச் சபைகளும் இடுகாடுகளில் நின்ற கல்வெட்டுகளைப் படியெடுத்து வைத்த ஏடுகளையும் தேடிப்பாருங்கள். இன்று படிக்க முடியாத கல் அன்று படிக்கப்பட்டிருக்கக்கூடும். இணையத்தில் 1995-இல் தொடங்கிய ஃபைண்ட் எ கிரேவ் தளமும், 2011-இல் தொடங்கிய பில்லியன்கிரேவ்ஸ் தளமும் தன்னார்வலர்கள் எடுத்த கல்லறைப் படங்களைத் தொகுத்து வைத்திருக்கின்றன. இரண்டாவது தளத்தில் படத்தோடு புவியிடக் குறியீடும் சேர்ந்தே இருக்கும். ஆயினும் கைப்பேசி காட்டும் இடத்தில் சில மீட்டர் பிழை இயல்பு. ஒரு குழியின் அகலமோ ஒரு மீட்டர்கூட இராது. எனவே அந்தக் குறியீட்டை வைத்துக்கொண்டு சுற்றுப்புறத்தை அடையாளம் காணலாமே தவிர, குழியைச் சுட்டிக்காட்ட முடியாது.

இன்னொன்றையும் பாருங்கள். சில நாடுகளில் குழி நிரந்தர உடைமை அன்று. ஜெர்மனியில் பொதுவாக 20 முதல் 30 ஆண்டுகள் வரைதான் அனுமதி. நீட்டிக்காவிட்டால் கல் அகற்றப்பட்டு, அந்த இடம் வேறொருவருக்கு வழங்கப்படும். உங்கள் இடுகாடு அத்தகைய விதிக்குள் வருகிறதா என்பதை நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள். வருமானால் கல்லைத் தேடும் உழைப்பை ஏட்டுக்கே செலவிடலாம்.

நிலமளப்போன் எழுதியது:

ஏட்டறை அவர்கள் சொன்னபடி இடத்தைச் சுருக்கிக்கொண்ட பிறகு நிலத்துக்கு வாருங்கள். விழுந்த கல் மண்ணுக்குள் போவதற்கு யாரும் அதைப் புதைக்க வேண்டியதில்லை. மண்புழுக்கள் அடியிலுள்ள மண்ணை மேலே கொண்டுவந்து கொட்டுவதால் தரையில் கிடக்கும் கல் மெல்ல மெல்லத் தாழ்கிறது என்பதை சார்லஸ் டார்வின் 1881-இல் வெளியிட்ட தம் ஆய்வில் விளக்கியிருக்கிறார். இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சில் விழுந்து கிடந்த கற்கள் பகுதியளவு மூழ்கியிருந்ததையும் அவர் அளந்து பார்த்தார். விழுந்த கல்லின்மீது உதிரும் இலையும் புல்வேரும் சேர்ந்துகொள்கின்றன. ஒரு நூற்றாண்டுக்கு முன் விழுந்த கல் பெரும்பாலும் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே கிடைப்பதன் காரணம் இதுதான்.

தேடுவதற்கு முனை மழுங்கிய மெல்லிய எஃகுக் கம்பி போதும். கூர்முனை கல்லில் கீறல் போடும். தரை ஈரமாக இருக்கும் பருவத்தில், கம்பியை இரு கைவிரல்களால் மட்டும் அழுத்தி, ஓரடி இடைவெளியில் கட்டம் கட்டமாகச் செலுத்திப் பாருங்கள். வேர் பட்டால் கம்பி நெகிழ்ந்து நிற்கும். தனிக் கூழாங்கல் பட்டால் அரையடி தள்ளிக் குத்தும்போது ஒன்றும் படாது. பலகைக்கல்லாக இருந்தால் அடுத்தடுத்த குத்துகளில் ஒரே ஆழத்தில் கணீரென்ற ஒலியோடு தட்டும். தட்டிய இடங்களையெல்லாம் சிறு கொடிகளால் குறித்துக்கொண்டே போனால் கல்லின் உருவம் தரைமேல் தானாகத் தெரிந்துவிடும்.

பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. பழைய பலகைக்கற்கள் பீடமில்லாமல் நேரே மண்ணில் நடப்பட்டவை; அவற்றின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்குள் இருக்கும். அவை உடையும்போது பெரும்பாலும் தரைமட்டத்தில்தான் உடையும். மேற்பகுதியை யாரேனும் சுவரோரம் கொண்டுபோய்ச் சாய்த்திருந்தாலும் அடித்துண்டு நட்ட இடத்திலேயே இருக்கும். எனவே கம்பியில் தட்டுவது அகலமான பலகையாக இல்லாமல் ஒரு கோடுபோல் குறுகியதாக இருந்தால் ஏமாற்றம் அடையாதீர்கள். இடத்தை ஐயமற நிறுவும் சான்று அதுவே. சுவரோரக் கற்களின் உடைந்த விளிம்பை அளந்து, அகலமும் தடிமனும் அடித்துண்டோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

நிலத்தை ஊடுருவும் ரேடார் பற்றிப் பலரும் கேட்பதால் ஒரு சொல். அக்கருவி மண் கலைந்த இடத்தையும், உள்ளே இருக்கும் வெற்றிடத்தையும், கல்லையும் காட்டக்கூடும். யாருடைய குழி என்று சொல்லாது. ஈரக் களிமண்ணில் அதன் அலைகள் விரைவில் மங்கிவிடும். எல்லை தெரியாத பெரிய நிலத்தில் குழிகள் எங்கெங்கே உள்ளன என்று அறிய அது பயன்படும். உங்கள் தேவைக்குக் கம்பியே மேல்.

புதியவன் எழுதியது:

கம்பியில் கல் தட்டிவிட்டால் உடனே மண்வெட்டியால் தோண்டிப் பார்க்கலாமா? அனுமதிக்குக் காத்திருந்தால் மாதங்கள் ஓடிவிடுமே.

நிலமளப்போன் எழுதியது:

கூடாது. கம்பியைச் செலுத்துவதற்கே நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். இடுகாட்டில் அனுமதியின்றி மண்ணைக் கிளறுவது பல நாடுகளில் தண்டனைக்குரிய குற்றம். கல்லின் மேற்பரப்புக்குக் கீழே ஒரு விரற்கடைகூடப் போகக் கூடாது என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டால் உங்களுக்கும் காப்பு. மண்ணை அகற்றும்போது மரக்கரண்டியோ நெகிழிச் சட்டுவமோ பயன்படுத்துங்கள்; இரும்பு வேண்டா.

நெறியாளர் குறிப்பு:

இடுகாட்டின் பெயரையும் துல்லியமான இருப்பிடத்தையும் இவ்விழையில் பதிய வேண்டா. செதுக்கு வேலைப்பாடுள்ள பழைய கற்கள் திருடப்படுவதுண்டு. உயிரோடிருக்கும் உறவினர் பெயர்களையும் தவிர்க்கவும்.

ஏட்டறை எழுதியது:

கல் வளாகத்தைவிட்டே வெளியே போயிருக்கக்கூடும் என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. நடந்தவை சிலவற்றைச் சொன்னால் எங்கெங்கே தேடலாம் என்பது புலப்படும்.

லண்டனில் செயின்ட் பாங்க்ராஸ் பழைய தேவாலயத்தின் இடுகாட்டில் 1860-களில் ரயில் பாதைக்காகக் குழிகள் அகற்றப்பட்டன. எஞ்சிய கற்களுள் பல ஓரிடத்தில் அடுக்கப்பட்டு, ஒரு மரத்தின் வேர்கள் அவற்றுக்கிடையே புகுந்து வளர்ந்தன. அந்த மரம் 2022 டிசம்பரில் விழுந்துவிட்டது. அங்குள்ள கற்கள் பிழைத்தன. எந்தக் கல் எந்தக் குழிக்குரியது என்ற செய்தி பிழைக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ நகரம் தன் இடுகாடுகளை வெளியேற்றியபோது உடல்கள் பெரும்பாலும் கோல்மா என்னும் ஊருக்கு மாற்றப்பட்டன. உரிமை கோரப்படாத கற்கள் கடலரிப்புத் தடுப்புக்கும், பியூனா விஸ்டா பூங்காவின் மழைநீர் வாய்க்கால்களுக்கும் பயன்பட்டன. அவ்வாய்க்கால்களில் இன்றும் சில எழுத்துகளைப் படிக்கலாம். கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரிலிருந்த மிகப் பெரிய யூத இடுகாடு நாஜி ஆக்கிரமிப்பின்போது 1942 டிசம்பரில் அழிக்கப்பட்டு, அதன் பளிங்குக் கற்கள் நகரெங்கும் கட்டுமானப் பொருளாயின. அந்த நிலத்தில் இன்று பல்கலைக்கழகம் நிற்கிறது. செக் நாட்டுத் தலைநகர் பிராகாவின் வென்செஸ்லாஸ் சதுக்கப் பகுதியில் 2020-இல் தெருக்கற்களைப் பெயர்த்தபோது, யூதக் கல்லறைகளை வெட்டிச் செய்த கற்கள் அடியில் எழுத்தோடு கிடைத்தன.

இவற்றுள் பேரழிவும் உண்டு, வெறும் நிர்வாக அலட்சியமும் உண்டு. இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. ஆனால் தேடுபவருக்கு இரண்டும் ஒரே இடங்களைத்தான் காட்டுகின்றன: அருகிலுள்ள நடைபாதை, வாய்க்கால், படிக்கட்டு, தாங்குசுவர், கிணற்று மேடை. எழுத்துள்ள முகத்தைக் கீழே கவிழ்த்துப் பாவுவதுதான் வழக்கம் என்பதால், மேலே வழவழப்பில்லாத, ஓரம் மட்டும் நேர்த்தியாகச் செதுக்கிய பலகைக்கல் கண்ணில் பட்டால் ஐயுறுங்கள். இடுகாட்டில் எந்த ஆண்டு துப்புரவு நடந்தது, பாதை போடப்பட்டது என்ற செய்தியை நிர்வாகக் குறிப்பேட்டிலிருந்து எடுத்துக்கொண்டால் தேடல் எளிதாகும்.

வேர்தேடி எழுதியது:

அனுமதி பெற்றுச் சென்றுவந்தோம். காவலர் காட்டிய இடம் தவறு. எண்களை எதிர் மூலையிலிருந்து எண்ண வேண்டியிருந்தது. அங்கே கம்பியில் அடித்துண்டு தட்டியது. அதற்கு இரண்டடி தள்ளி, கவிழ்ந்த நிலையில் மேற்பகுதியும் மண்ணுக்குள் கிடந்தது. வெண்பளிங்குக் கல், குறுக்கே ஒரு விரிசல் ஓடுகிறது. முகத்திலிருந்த எழுத்துகள் ஈயத்தால் ஆனவை. பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டதால் பெயரின் முற்பகுதியும் இறந்த ஆண்டும் மட்டுமே தெளிவாகத் தெரிகின்றன. வெள்ளைச் சுண்ணக்கட்டியைத் தேய்த்துப் படிக்கலாம் என்கிறார் உடன்வந்த ஒருவர். எதையும் செய்யாமல் மேலே ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு வந்திருக்கிறோம்.

கற்பணியாளர் எழுதியது:

நான் கல் பாதுகாப்புப் பணியில் இருப்பவன். கவிழ்ந்து கிடந்தது உங்கள் நற்பேறு. பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். மழைநீரிலுள்ள சிறிதளவு அமிலமே அதைக் கரைக்கும். நிமிர்ந்து நின்ற பளிங்குக் கற்களின் முகம் நாளடைவில் சர்க்கரைபோல் பொலபொலத்துவிடுகிறது. ஆர்ச்சிபால்ட் கீக்கி என்ற புவியியலாளர் 1880-இலேயே ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர இடுகாட்டுக் கற்களைக் கொண்டு, எந்தக் கல் எவ்வளவு விரைவாகச் சிதைகிறது என்று ஆராய்ந்து, பளிங்கே விரைவில் கெடுவதைக் காட்டினார். மண்ணுக்குள் கவிழ்ந்திருந்த உங்கள் கல்லின் முகம் அந்த மழைக்குத் தப்பியிருக்கிறது. இனி வெயிலில் சடுதியாக உலரவிடாதீர்கள். உள்ளிருக்கும் உப்பு மேற்பரப்புக்கு வந்து படிகமாகி முகத்தை உதிர்க்கும். ஈரச் சாக்கு சரியான முடிவு. நிழலில் மெல்ல உலரட்டும்.

சுண்ணக்கட்டி வேண்டா, சவர நுரை வேண்டா, மாவும் வேண்டா. சுண்ணக்கட்டியைத் தேய்ப்பது பொலபொலத்த பரப்பை அரைக்கும். சவர நுரையிலுள்ள கொழுப்பமிலங்கள் கல்லின் நுண்துளைக்குள் தங்கிவிடும். நீரால் முழுமையாகப் போகாது. மாவு பூஞ்சைக்கு உணவாகும். எழுத்தைப் படிக்கத் தேவை வெளிச்சம்தான், அதுவும் பக்கவாட்டு வெளிச்சம். நிழலில் உள்ள கல்லின்மீது ஒரு நிலைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, கல்லின் பரப்பை உரசிச் செல்லும்படி சாய்த்துப் பிடித்தால், அரை மில்லிமீட்டர் பள்ளமும் நிழல் விழுந்து எழுத்தாகத் தெரியும். இரவில் கைவிளக்கைக் கொண்டும் இதைச் செய்யலாம்.

உங்கள் கல்லில் இன்னொரு வசதி இருக்கிறது. ஈய எழுத்து வைக்கும்போது கற்பணியாளர் எழுத்தின் பள்ளத்துக்குள் சாய்வாகச் சிறு துளைகள் இட்டு, ஈயத்தை அடித்து இறக்குவார். அத்துளைகளே ஈயத்தைப் பிடித்துவைக்கின்றன. ஈயம் உதிர்ந்த பிறகும் துளைகள் இருக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் எத்தனை துளைகள், எந்த அமைப்பில் என்பது ஒரே கல்லில் பெரும்பாலும் மாறாது. எஞ்சியிருக்கும் எழுத்துகளின் துளை அமைப்பை முதலில் வரைந்துகொண்டு, அதை உதிர்ந்த இடங்களோடு ஒப்பிட்டால் பெயர் முழுவதையும் மீட்கலாம். நான் கண்டவரை இது பலகைக்கல் வாசிப்பில் மிகவும் நிறைவளிக்கும் வேலை.

அதுவும் போதாவிட்டால், படக்கருவியை அசைக்காமல் ஒரே இடத்தில் நிறுத்தி, விளக்கை மட்டும் பல கோணங்களுக்கு நகர்த்திப் பல படங்கள் எடுத்து அவற்றைக் கணினியில் இணைக்கும் முறை ஒன்று உண்டு. 2001-இல் ஹியூலெட்-பேக்கார்டு ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டரும் உடன் பணியாற்றியோரும் வெளியிட்ட உத்தி அதற்கு அடிப்படை. அதற்கான மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

படித்ததை எழுதும்போது கல்லில் உள்ளதையும் நீங்கள் ஊகிப்பதையும் கலக்காதீர்கள். 1931-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் அறிஞர்கள் வகுத்த கல்வெட்டுப் பதிப்பு மரபின்படி, முற்றிலும் அழிந்து நீங்கள் நிரப்பும் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் எழுதுங்கள்; பாதி தெரியும் எழுத்தின் அடியில் ஒரு புள்ளி வையுங்கள். வரி பிரியும் இடங்களை அப்படியே காட்டுங்கள்.

புதியவன் எழுதியது:

கல்லில் பச்சையும் கறுப்புமாகப் பாசி படிந்திருந்தால் வீட்டில் பயன்படுத்தும் ப்ளீச் விரைவில் வெளுத்துவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

கற்பணியாளர் எழுதியது:

வெளுக்கும், கல்லும் போகும். ப்ளீச் விட்டுச்செல்லும் உப்பு நுண்துளைகளில் தங்கிப் படிகமாகி, கல்லை உள்ளிருந்து நெருக்கும். பளிங்குக்கு அமிலம் எதுவும் ஆகாது. எலுமிச்சைச் சாறும் வினிகரும் அமிலங்களே. கம்பித் தூரிகை கல்லில் இரும்புத் துகளை விட்டுவைத்துத் துருக்கறை உண்டாக்கும். உயர் அழுத்த நீர்த்தாரை பற்றிச் சொல்லவே வேண்டா.

முதலில் விரல் கணுவால் கல்லை மெல்லத் தட்டுங்கள். உள்ளீடற்ற ஒலி கேட்டால் அடுக்கு பிரிந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட கல்லைக் கழுவவே கூடாது. ஒலி திடமாக இருந்தால் தூய நீரால் நன்றாக நனைத்து, மென்மையான இழைத் தூரிகையால் அடியிலிருந்து மேல்நோக்கித் தேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் உலர்ந்த பகுதியில் வடிந்து கோடு போடும். நீர் போதாதபோது குவாட்டர்னரி அம்மோனியச் சேர்மம் கலந்த டி/2 போன்ற உயிர்க்கொல்லிக் கரைசல்களை அமெரிக்கத் தேசியக் கல்லறைகளில் பயன்படுத்துகிறார்கள்; அவையும் உடனே வெளுப்பதில்லை, வாரக்கணக்கில் மெல்ல வேலை செய்யும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள்தான் ப்ளீச்சுக்குப் போகிறார்கள்.

கற்பாசியை முழுவதும் அகற்றியே தீர வேண்டும் என்பதுமில்லை. ரோலண்ட் பெஷல் என்ற அறிஞர் 1950-களில், ஆண்டு பொறித்த கல்லறைக் கற்களில் வளர்ந்த கற்பாசியின் விட்டத்தை அளந்து, பனியாறு பின்வாங்கிய காலத்தைக் கணிக்கும் முறையை உருவாக்கினார். வேர்விட்டுப் பிடித்திருக்கும் கற்பாசியைப் பிய்த்தால் கல்லின் தோலும் சேர்ந்து வரும்.

மூத்தகுடி எழுதியது:

இழையை முழுவதும் படித்தேன்; ஒரு மாறுபாட்டைப் பதிவு செய்ய விரும்புகிறேன். கற்பணியாளர் அவர்கள் கல்லை அருங்காட்சியகப் பொருளாகப் பார்க்கிறார். அதை நட்ட குடும்பமோ, தம் வழித்தோன்றல்கள் அந்தப் பெயரைப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் நட்டது. படிக்க முடியாத கல் தன் வேலையைச் செய்யவில்லை. இரு உலகப் போர்களில் இறந்த காமன்வெல்த் படையினருக்கான போர்க்கல்லறை ஆணையம் சுமார் 17 லட்சம் பேரின் நினைவைக் காத்துவருகிறது. எழுத்து மங்கினால் அவர்கள் மறுபடி வெட்டுகிறார்கள், முடியாதபோது கல்லையே மாற்றுகிறார்கள். அது நினைவைக் கெடுப்பதாக எவரும் சொல்வதில்லை. அவர்களுக்குச் சரியானது ஒரு குடும்பத்துக்கு ஏன் தவறாக வேண்டும்?

கற்பணியாளர் எழுதியது:

கேள்வி நியாயமானது. ஆணையத்தின் நிலை வேறு. 1917-இல் அது நிறுவப்பட்ட சில ஆண்டுகளிலேயே எல்லாருக்கும் ஒரே அளவும் ஒரே வடிவமும் கொண்ட கல் என்ற கொள்கை ஏற்கப்பட்டது. 813 மில்லிமீட்டர் உயரம், 381 மில்லிமீட்டர் அகலம், ஒரே எழுத்துரு. ஒவ்வொரு கல்லின் வாசகமும் அவர்களிடம் ஆவணமாக இருக்கிறது. ஒரு கல் போனால் அதே வாசகத்தோடு அதே கல்லைச் செய்யலாம். ஊகத்துக்கு அங்கே இடமே இல்லை. உங்கள் முன்னோரின் கல்லோ ஒருவர் கையால் ஒருமுறை மட்டும் செய்யப்பட்டது. அதன் மூல வாசகம் வேறெங்கும் இல்லை. மறுபடி வெட்டும்போது பழைய உளித்தடம் போய்விடும்; வெட்டுபவர் ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்தால், அந்தத் தவறு கல்லில் எழுதிய உண்மையாகிவிடும், திருத்துவதற்குச் சான்றும் மிஞ்சாது. 3 என்று வெட்டப்பட்ட 8-ஐ நான் பார்த்திருக்கிறேன். பிற்பாடு பதிவேட்டைத்தான் எல்லாரும் ஐயுற்றார்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்று பழஞ்சின்னங்களின் பாதுகாப்புக்கான பன்னாட்டு நெறியாகிய 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் கூறுவதன் காரணமும் இதுவே.

ஆனால் படிக்க வேண்டும் என்ற உங்கள் வாதத்தை நான் மறுக்கவில்லை. பழைய கல்லை அப்படியே நிறுத்திவிட்டு, அதன் கால்மாட்டில் முழு வாசகத்தையும் பொறித்த சிறு கல் ஒன்றைப் புதிதாகப் பதிக்கலாம். ஈய எழுத்தைப் பொறுத்தவரை இன்னும் சற்று இறங்கிவருவேன். துளைகள் ஐயமற எழுத்தைக் காட்டுமிடத்தில் அதே துளைகளில் புதிய ஈயம் வைப்பது பழைய முறையையே தொடர்வதாகும். அதில் கல் அரைபடுவதில்லை. மெருகேற்றுவதற்கு மட்டும் ஒருபோதும் உடன்பட மாட்டேன். மெருகு என்பது மேற்பரப்பை அரைத்து எடுப்பது. எழுத்தின் ஆழமும் அத்தோடு குறையும்.

மூத்தகுடி எழுதியது:

ஈயத்தை மறுபடி வைக்கலாம் என்பதை ஏற்கிறேன். கால்மாட்டுக் கல்லில் குடும்பத்தின் இன்றைய பெயர்களைப் பொறிக்கும் ஆசை பலருக்கு வரும். அதை இப்போதே தடுத்துவிடுங்கள், வேர்தேடி. நினைவுக்கல் நன்கொடைப் பலகையாகிவிடும். பழைய கல்லை அகற்றிப் புதியது நடுவதை நானும் ஆதரிக்கவில்லை.

வேர்தேடி எழுதியது:

துளைகளை வைத்துப் பெயர் முழுவதையும் படித்துவிட்டோம். அதன் கீழே, பதிவேட்டில் இல்லாத ஒரு பெண்ணின் பெயரும் "இவர்தம் துணைவி" என்ற குறிப்பும் இருக்கின்றன. அவர் இறந்த ஆண்டுக்கு இடம் விட்டிருக்கிறார்கள், ஆனால் அந்த இடத்தில் துளையே இல்லை. பழைய பெயரை மட்டும் வெட்டிய புதிய கல்லை நட்டிருந்தால் அந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். உறவினர் அனைவரும் இப்போது பழைய கல்லையே நிறுத்த ஒப்புக்கொண்டுவிட்டார்கள். விரிசலையும் உடைப்பையும் எப்படிச் சேர்ப்பது? சிமெண்ட் போதும் என்கிறார் கொத்தனார்.

ஏட்டறை எழுதியது:

துளையே இல்லாத அந்த இடம் முக்கியமானது. துணைவி உயிரோடிருக்கும்போதே கல் நடப்பட்டிருக்கிறது என்றும், அவர் வேறிடத்தில் அடக்கமாகியிருக்கலாம் அல்லது எழுத்தைச் சேர்க்க ஆளில்லாமல் போயிருக்கலாம் என்றும் அது காட்டுகிறது. அவர் பெயரில் தனியாகத் தேடுங்கள். மறுமணம் செய்திருந்தால் பதிவு வேறு குடும்பப் பெயரில் இருக்கும்.

கற்பணியாளர் எழுதியது:

சிமெண்ட் வேண்டா. ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்ட் நலிந்த பழைய பளிங்குக்கு மிகவும் கடினமானது, நீரை எளிதில் வெளிவிடாதது. அதைக் கொண்டு ஒட்டினால் ஈரம் ஒட்டின் வழியே வெளியேற முடியாமல் கல்லின் வழியே வெளியேறும். சில ஆண்டுகளில் ஒட்டு அப்படியே இருக்க, இருபுறமும் கல் உதிர்ந்திருக்கும். இரும்புக் கம்பியால் பிணைப்பதும் ஆகாது. துரு, தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு பருமன் கொள்வதால் கல்லைப் பிளந்துவிடும். உங்கள் கல்லின் குறுக்கு விரிசல் பழைய இரும்பு ஆணி ஒன்றிலிருந்து தொடங்குகிறதா என்று பாருங்கள். தொடங்கினால் வல்லுநரைக் கொண்டு அதை முதலில் எடுக்க வேண்டும்.

உடைந்த முகங்கள் தூய்மையாகப் பொருந்தினால், கல்லுக்குரிய எபாக்ஸிப் பசையைச் சில புள்ளிகளில் மட்டும், விளிம்பிலிருந்து உள்தள்ளி வைக்க வேண்டும். முகம் முழுதும் பூசினால் ஈரத்தின் வழி அடைபடும். விளிம்பில் வைத்தால் வெயிலில் மஞ்சளாகும். இடைவெளியைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பி, ஈரத்துணி போர்த்தி மெல்ல இறுகவிடுங்கள். துளையிட்டுத் துருப்பிடிக்காத எஃகு ஆணி செருகுவது கடைசி வழி.

அடித்துண்டை மண்ணிலிருந்து பெயர்க்க வேண்டா. உடைப்பு தரைமட்டத்தில் இருப்பதால், மேற்பகுதியின் பாரம் முழுவதும் அந்த ஒட்டின்மேல் விழும். அதைத் தாங்காது என்று வல்லுநர் கருதினால், சுண்ணாம்புக்கல்லால் செய்து, கல்லைச் செருகும் பள்ளம் வெட்டிய புதிய பீடத்தில் மேற்பகுதியை நிறுத்தி, அடித்துண்டை அதன் பின்னால் இருந்த இடத்திலேயே விட்டுவைக்கலாம். பீடத்துக்கு அடியில் காங்கிரீட்டுக்குப் பதிலாக இடித்து இறுக்கிய சரளை போடுங்கள். நீர் வடியும், பின்னாளில் சாய்ந்தால் மறுபடி நேராக்கவும் முடியும். கல்லைப் படுக்கவைத்துக் காங்கிரீட்டில் பதிப்பதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மழைநீர் முகத்தில் தேங்கிவிடும்.

தூக்குவதற்கு முன் எடையைக் கணக்கிடுங்கள். ஒரு மீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் தடிமன் உள்ள பளிங்குப் பலகை ஏறத்தாழ 160 கிலோ இருக்கும். சாயும் கல் ஆளைக் கொல்லும். முக்காலித் தூக்கியும் அகலமான துணிப்பட்டையும் இல்லாமல் தொடாதீர்கள்.

வழக்கறிந்தோன் எழுதியது:

நிலம் நிர்வாகத்துடையது என்றாலும் கல் பெரும்பாலும் நட்டவரின் வழித்தோன்றல்களுக்கே உரியது என்பது பல நாடுகளின் சட்டநிலை. அதனால் வழித்தோன்றல்களுள் ஒருவர் மட்டும் முடிவெடுத்தால் பின்னர் மற்றொருவர் எதிர்க்க வழியுண்டு. கண்டுபிடிக்க முடிந்த அனைவரின் இசைவையும் எழுத்தில் வாங்கி, செய்யவிருக்கும் பணியை வரைபடத்தோடு நிர்வாகத்திடம் பதியுங்கள்.

வேர்தேடி எழுதியது:

இசைவுக் கடிதங்கள் வந்துவிட்டன. கால்மாட்டுக் கல்லில் மூல வாசகம் மட்டும் இடம்பெறும். கணவர் பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம் துளைகளைக் கொண்டும் தெளியவில்லை. 1 அல்லது 7 என்று படுகிறது. பதிவேட்டில் உள்ள அகவையைக் கொண்டு கணக்கிட்டால் 7 வருகிறது. 7 என்றே பொறித்துவிடலாமா?

ஏட்டறை எழுதியது:

வேண்டா. அடக்கப் பதிவேட்டின் அகவை, இறந்தவரைப் பற்றி வேறொருவர் சொல்லக் கேட்டு எழுதியது. பல ஆண்டுகள் முன்பின்னாக இருப்பதும் உண்டு. ஞானஸ்நானப் பதிவோ பிறப்புப் பதிவோ கிடைக்கும் வரை அந்த இலக்கத்தின் இடத்தைச் சதுர அடைப்போடு வெறுமையாக விடுங்கள். பிற்பாடு கிடைத்தால் ஓர் இலக்கத்தைச் சேர்ப்பது எளிது.

கற்பணியாளர் எழுதியது:

ஆம், இடத்தை விட்டுவையுங்கள். கால்மாட்டுக் கல்லின் பின்புறத்தில் அது பதிக்கப்பட்ட ஆண்டையும் வெட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நூறு ஆண்டு கழித்துப் பார்ப்பவர் இரண்டு கற்களையும் ஒரே காலத்தவை என்று எண்ணிவிடுவார். பழைய கல்லுக்கும் அதற்கும் இடையே தூரிகை புகும் அளவு இடைவெளி இருக்கட்டும். சாந்து வேலையைக் கடும் வெயிலும் உறைபனியும் இல்லாத பருவத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.